அமெரிக்காவில் வீடு வாங்குகிறீர்களா? டைட்டில் இன்சூரன்ஸைத் தள்ளிவிடாதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து அமெரிக்கா வந்து, வேலை நிலைத்து, வீடு பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் மனை வாங்கினால் மூலப்பத்திரம் கேட்போம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போடுவோம், வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குவோம். பாகூர், கன்னியக்கோயில் பக்கம் என்றால் சர்வே எண் தமிழ்நாட்டில் வருகிறதா, புதுச்சேரியில் வருகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, பத்து வருஷம் கழித்து ‘எனக்கும் பங்கு உண்டு’ என்று யாராவது வந்து நிற்பதும் நாம் பார்த்ததுதான்.

இங்கேயும் கதை அதேதான். பெரும்பாலான மாநிலங்களில் அரசு பத்திரத்தைப் பதிந்து வைக்கிறதே தவிர, இவர்தான் உரிமையாளர் என்று உறுதி தருவதில்லை. டைட்டில் என்றால் சொத்தின் மேல் உள்ள உரிமை. அதைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும். ஆனால் போலிக் கையெழுத்தும் மறைக்கப்பட்ட வாரிசும் எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. அந்த மிச்ச ஆபத்துக்குத்தான் டைட்டில் இன்சூரன்ஸ். வீடு வாங்கும் நாளில் ஒரே தடவை கட்டினால் போதும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘பேங்க் கேட்டது, கட்டியாச்சு’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது லெண்டர்ஸ் பாலிசி, அதாவது கடன் கொடுத்த பேங்குக்கான காப்பு. கடன் குறையக் குறைய அதன் காப்புத் தொகையும் குறையும். உரிமை வழக்கில் வீடு கைவிட்டுப் போனால் காப்பாற்றப்படுவது பேங்கின் பணம். லாஸ்பேட்டை மனையை விற்று அப்பா அனுப்பிய முன்பணம் போனது போனதுதான். வீட்டு உரிமையாளரான உங்களுக்கானது ஓனர்ஸ் பாலிசி. கையெழுத்துக்கு மூன்று வேலை நாள் முன்பே வரும் குளோசிங் டிஸ்க்ளோஷர் என்ற இறுதிச் செலவுக் கணக்கில் அதன் பக்கத்தில் ‘ஆப்ஷனல்’ என்று போட்டிருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்து அடித்துவிடாதீர்கள். வழக்கு வந்தால் வக்கீல் செலவையும் அந்த பாலிசிதான் ஏற்கிறது. இங்கே வக்கீல்கள் மணிக்கணக்கில் பில் போடுவார்கள். இரண்டு பாலிசியையும் சேர்த்து எடுத்தால் பல மாநிலங்களில் கட்டணம் குறையும்.

அதற்கும் முன்பே, எந்த நிபந்தனைகளில் பாலிசி தருவோம் என்று டைட்டில் கம்பெனி சொல்லும் டைட்டில் கமிட்மென்ட் என்ற ஆவணம் வரும். அதில் ஷெட்யூல் பி பகுதியை வரி விடாமல் படியுங்கள். எதற்கெல்லாம் இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது என்பது அங்கேதான் இருக்கும். விற்றவர் கூரையை மாற்றிவிட்டு ஒப்பந்தக்காரருக்குக் காசு தராமல் விட்டிருக்கலாம். வேலை முடிந்து சில மாதம் கழித்துக்கூட அந்த ஆள் வீட்டின் மேல் லீன் (பாக்கிக்காகச் சொத்தின் மேல் வைக்கும் பிடிமானம்) பதிய முடியும், அதற்குள் வீடு உங்கள் பேருக்கு வந்திருக்கும். இது விலக்குப் பட்டியலில் இருந்தால், நீக்க முடியுமா என்று கேளுங்கள். தயங்காதீர்கள், கேட்பது உங்கள் உரிமை.

நம் பெயர்கள் தனிச் சிக்கல். குமார், ராஜா என்ற பெயரில் வேறு யாருக்கோ எதிராக வந்த கோர்ட் தீர்ப்பு, டைட்டில் கம்பெனி உங்கள் பெயரில் தேடும்போதும் தலைகாட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், வேலையிடத்தில் இனிஷியல் என்று இருந்தால், எல்லாம் ஒரே ஆள்தான் என்று கையெழுத்து கேட்பார்கள். எல்லா வடிவத்தையும் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மனைவி முத்தியால்பேட்டையில் இருந்து, பவர் பத்திரம் மூலம் கையெழுத்துப் போடுவதாக இருந்தால், அதன் வாசகத்தை டைட்டில் கம்பெனியும் பேங்கும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக இந்திய அரசு தரும் சான்று முத்திரை) போதுமா, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள், கடைசி வாரத்தில் இதற்கு நேரம் இருக்காது.

ஐயோவா மாநிலத்தில் மட்டும் தனியார் டைட்டில் இன்சூரன்ஸ் விற்பனை கிடையாது, அரசே உத்தரவாதத் திட்டம் நடத்துகிறது. டெக்சஸில் கட்டணத்தை மாநில அரசே நிர்ணயிப்பதால் பேரம் பேச இடமில்லை. மற்ற பல இடங்களில் இரண்டு மூன்று கம்பெனியில் விலை கேட்கலாம். இந்தக் கம்பெனியில்தான் வாங்க வேண்டும் என்று விற்பவர் உங்களைக் கட்டாயப்படுத்த மத்திய சட்டம் இடம் தருவதில்லை.

அப்புறம், வட்டி குறையும்போது ரீஃபைனான்ஸ் செய்தால், அதாவது பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் எடுத்தால், பேங்க் புது பாலிசி கேட்கும். உங்கள் ஓனர்ஸ் பாலிசி அப்படியே செல்லும். பழைய பாலிசியின் நகலைக் காட்டி ரீஇஷ்யூ ரேட் எனும் சலுகைக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.