வழக்கறிஞர் குற்றவாளி எனத் தீர்ப்பானால்: கட்சிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலத் தகராறுக்காகவும் காசோலை வழக்குக்காகவும் கோவை, ஈரோடு, திருப்பூர் நீதிமன்றங்களுக்கு நடக்கும் கட்சிக்காரர்களிடையே, ஒரு வக்கீல் குற்றவாளி எனத் தீர்ப்பான அன்றே அவருடைய வழக்கறிஞர் பதிவு தானாகப் போய்விடும் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. நீதிமன்ற அவமதிப்பு வழக்கொன்றில் 2016-இல் உச்ச நீதிமன்றம், ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரைப் பதிவு செய்யக் கூடாது என்னும் விதியை ஏற்கெனவே பதிவு பெற்றவருக்கும் பொருத்தியது உண்மை. ஆயினும் வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 35-ஆம் பிரிவின்படி கண்டிப்பதும், குறிப்பிட்ட காலம் தொழிலிலிருந்து நிறுத்திவைப்பதும், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவதும், வழக்கறிஞர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் வேலை. பார் கவுன்சில் தானாகவே விசாரணையைத் தொடங்கலாம் என்றாலும், அதையே நம்பிக் காத்திருப்பது பாதிக்கப்பட்டவருக்கு நல்லதல்ல.

நீதிமன்ற வளாகத்திலுள்ள வழக்கறிஞர் சங்கத்தில் மனுக் கொடுத்துவிட்டுத் திரும்புவது அடுத்த தவறு. சங்கம் வேறு, பார் கவுன்சில் வேறு. புகார் செல்ல வேண்டியது சென்னையிலுள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு. கையொப்பமும் உறுதிமொழியும் கொண்ட மனுவாக அது இருக்க வேண்டும், தமிழிலேயே எழுதலாம்.

அந்த மனுவோடு செய்தித்தாள் துண்டை இணைத்து அனுப்புகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. சான்றிட்ட தீர்ப்பு நகலே வேண்டும், ஏனெனில் எந்தச் செயல் எந்தச் சாட்சியத்தால் மெய்ப்பிக்கப்பட்டது என்பது அதில்தான் இருக்கும். ஒழுங்கு நடவடிக்கையில் விதிக்கப்படும் தண்டனையின் அளவும் அந்தச் செயலின் தன்மையைப் பொறுத்தே அமைகிறது. உத்தரப் பிரதேசத்தில் நீதிமன்ற அறைக்குள்ளேயே எதிர்த்தரப்பினரைக் கத்தியால் தாக்கி, கொலை முயற்சிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒரு வழக்கறிஞருக்கு, மாநில பார் கவுன்சில் விதித்திருந்த மூன்றாண்டுத் தடை போதாது என்று கூறி, 1997-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் வக்கீலுக்கு ஜாமீன் கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று புகாரைக் கைவிடுவோரும் உண்டு. சிறைத் தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைப்பது வேறு. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் உத்தரவு இவற்றில் எது என்று படித்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள் நடுவில் அமர்ந்து பேசி முடித்துவைப்பது நம் பகுதியின் வழக்கம். பணம் திரும்பி வரலாம், உறவும் கெடாமல் இருக்கலாம். ஆனால் சமரசம் ஆகிவிட்டது அல்லது புகார்தாரர் திரும்பப் பெற்றுவிட்டார் என்பதற்காக மட்டும் ஒழுங்கு விசாரணையைக் கைவிடக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. குழுவின் உத்தரவு திருப்தி தராவிட்டால், அது கிடைத்த 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலில் மேல்முறையீடு செய்யலாம். அடுத்த நிலை உச்ச நீதிமன்றம்.

இத்தனைக்கும் நடுவில் சொந்த வழக்கை மறந்துவிடுவதுதான் அதிக இழப்பைத் தருகிறது. நிறுத்திவைக்கப்பட்ட வழக்கறிஞர் அந்தக் காலத்தில் எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது என்பதால், வழக்குக் கட்டையும் அசல் ஆவணங்களையும் உடனே திரும்பப் பெற்று, அடுத்த வாய்தாவுக்கு முன்பே வேறொருவர் மூலம் புதிய வக்காலத்துத் தாக்கல் செய்துவிட வேண்டும்.