கிராமத்தில் குடியேறும் முன் ஹொலஷோவிட்செவைப் பாருங்கள்

படிப்புக்கோ வேலைக்கோ செக் நாட்டின் தெற்கிலுள்ள செஸ்கே புதியோவிட்செ நகரத்துக்கு வந்து, நகரத்துக்கு வெளியே கிராமத்தில் வீடு பார்க்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் ஹொலஷோவிட்செ போய்வாருங்கள். நகரத்திலிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர்தான். தென் பொஹிமியா என்னும் இந்தப் பகுதியின் கிராமம் எப்படி அமைந்திருக்கும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஊர் வேறு எனக்குத் தெரியாது. யுனெஸ்கோ 1998-இல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஊர் நடுவே நீளமான புல்வெளித் திடல். செக் மொழியில் நாவெஸ் என்பார்கள். அதில் ஒரு குளம், 1755-இல் கட்டிய சிறு தேவாலயம், ஒரு பழைய கொல்லுப் பட்டறை. சுற்றிலும் 23 பண்ணை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் திடலைப் பார்த்தபடி இரண்டு முகப்புகள். ஒன்று குடியிருக்க, மற்றது தானியம் வைக்க. இரண்டையும் வளைவு வைத்த வாசல் மதில் இணைக்கிறது. முகப்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: சாந்தில் செய்த சுருள்கள், பூக்கள், மேலே கட்டிய ஆண்டு. உள்ளே முற்றம், தொழுவம். கொல்லைக்குப் பின்னால் நீளமான குறுகிய வயல். வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தவை, ஊரின் அமைப்போ இடைக்காலத்தது.

ஊரின் பெயர் முதலில் எழுத்தில் வருவது 1263-இல். 1292-இல் அரசர் இரண்டாம் வாட்ஸ்லாவ் இதை விஷ்ஷி ப்ரோட் என்ற ஊரின் கிறித்தவத் துறவி மடத்துக்குக் கொடுத்தார். 1520-க்கும் 1525-க்கும் இடையில் கொள்ளைநோய் வந்து, இரண்டே பேர்தான் மிஞ்சினார்கள். மடம் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. அப்படித்தான் செக் நாட்டுக்குள் ஜெர்மன் பேசும் ஊராக இது நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மன்காரர்களை வெளியேற்றினார்கள். பல வீடுகள் பூட்டியே கிடந்தன. 1990-க்குப் பிறகுதான் ஊருக்கு மறுபடி உயிர் வந்தது.

இந்தக் கதையை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டின் எல்லையோரக் கிராமங்கள் பலவற்றுக்கும் இப்படியொரு 1945 இருக்கிறது. நீங்கள் வாடகைக்கு எடுக்கும் வீட்டுக்கு முன்பு சொந்தக்காரர் யார் என்று பெரியவர்களிடம் எடுத்த எடுப்பிலேயே கேட்காதீர்கள். பழகுங்கள், அவர்களாகவே சொல்லட்டும். அப்போது பொறுமையாகக் கேளுங்கள்.

அப்புறம் முகவரி. சின்னக் கிராமங்களில் பெரும்பாலும் தெருப் பெயர் இருக்காது, ஊர்ப் பெயரும் வீட்டு எண்ணும் மட்டும்தான். இந்த நாட்டை ஆண்ட அரசி மரியா தெரேசா காலத்தில், 1770 வாக்கில் தொடங்கிய முறை இது. பிறகு கட்டிய வீட்டுக்கு அடுத்த எண் போட்டுக்கொண்டே வந்தார்கள். அதனால் 5-ஆம் எண் வீட்டுக்குப் பக்கத்து வீடு 40 ஆகவும் இருக்கலாம். உணவு டெலிவரிக்காரரிடம் திடலிலிருந்து வழி சொல்லிவிடுங்கள்.

திடலில் யாரைக் கண்டாலும், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "தோப்ரீ தென்" (வணக்கம்) சொல்லிவிட்டுக் கடந்து போங்கள். பேசாமல் போவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். ஹொலஷோவிட்செ வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள்; வாசல் திறந்திருந்தாலும் முற்றத்துக்குள் நுழைந்து படம் எடுக்க வேண்டாம்.

கடைசியாகப் பேருந்து. சனி, ஞாயிறுகளில் கிராமப் பேருந்துகள் மிகவும் குறைந்துவிடும். வீட்டை முடிவு செய்வதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை நேர அட்டவணையைத்தான் முதலில் பாருங்கள்.