எடிட்டரில் தமிழ் உடைந்து தெரிகிறதா? சேவ் அழுத்தும் முன் இதைப் படியுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் படகுப் பட்டியலும் பெயர்ப்பட்டியலும் பழைய ஏலக் கணக்கும் பென்டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் கைமாறுவது அப்போதுதான். அவற்றில் பல, திறந்தால் தமிழாக இருக்காது. "வைரஸ் புகுந்துடுச்சு, ஃபார்மட் அடிச்சிரு" என்று யோசனை சொல்லவும் ஆள் இருக்கும். கேட்காதீர்கள். பெரும்பாலும் கோப்பு நன்றாகவே இருக்கிறது, அதைத் திறக்கும் நோட்பேட் மாதிரியான எடிட்டர்தான் தப்பாகப் படிக்கிறது.

எதைச் செய்வதற்கும் முன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். தமிழ் சரியாகத் தெரியும்வரை சேவ் பக்கம் கை போகக் கூடாது.

படி 1: எப்படி உடைந்திருக்கிறது?

வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். சின்ன வேலை.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்திலேயே வட்டத்துக்குள் ஆர், இந்த ஜோடி வரிக்கு வரி வந்தால் என்கோடிங் கோளாறு, அதாவது எழுத்துகளை எண்களாக்கிச் சேமித்த முறை ஒன்று, எடிட்டர் படிக்கும் முறை வேறு. யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். அவற்றில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றேதான். பழைய விண்டோஸின் 1252 என்ற எழுத்துப் பட்டியலில் அந்த பைட்டின் இடத்தில் உட்கார்ந்திருப்பது அந்தக் கோடு போட்ட ஏ. அதனால்தான் அது விடாமல் வருகிறது.

சாதாரண ஆங்கில எழுத்துகளே அர்த்தமில்லாமல் நின்றால் அது பழைய எழுத்துருவில் அடித்தது. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரிகிறதா? அந்த எழுத்துரு பாமினி. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களிலிருந்து வரும் கோப்புகளில் இது சகஜம். எடிட்டரில் எந்த மெனுவைத் தொட்டாலும் சரியாகாது. என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் கொடுத்து, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடாக்க வேண்டும்.

வரி முழுக்க கேள்விக்குறி மட்டும் இருந்தால்? யாரோ அதை ஆன்சி முறையில் (மேலே சொன்ன 1252 மாதிரி, தமிழ் இல்லாத பழைய பட்டியலில்) சேவ் செய்துவிட்டார்கள். எழுத்து போய்விட்டது, திரும்பாது. அனுப்பியவரிடம் மூலக் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 2: எழுத்துரு

விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ கூடவே வருகிறது. எனக்குப் பிடித்தது நோட்டோ சான்ஸ் தமிழ், இலவசம். விஎஸ் கோட் என்ற எடிட்டரில் செட்டிங்ஸில் ஃபான்ட் ஃபேமிலி என்ற இடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கில எழுத்துருவின் பெயருக்குப் பின்னால் கமா போட்டு இதன் பெயரைச் சேர்த்தால் போதும். 'ண', 'ர' இரண்டையும் ஒரே அகலத்தில் அடைக்கும் எழுத்துருவைத் தேடி அலையாதீர்கள். படிக்கச் சகிக்காது.

படி 3: என்கோடிங்

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான், எனக்கும் புரிய நேரம் பிடித்தது. நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எடிட்டரில் என்கோடிங் மெனுவைத் திறந்தால் யூடிஎஃப்-8 இரண்டு இடத்தில் இருக்கும். மேலே இருப்பது "இந்தக் கோப்பை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொண்டு படி" என்பதற்கு. கோப்பில் ஒரு பைட்கூட மாறாது. கீழே 'கன்வர்ட் டு' என்று தொடங்குவது, திரையில் இப்போது தெரிவதை அப்படியே யூடிஎஃப்-8 ஆக மாற்றி எழுதுவதற்கு. திரையில் கிறுக்கல் இருக்கும்போது கீழே உள்ளதை அழுத்தினால் கிறுக்கலே நிரந்தரமாகிவிடும். முதலில் மேலே உள்ளதை அழுத்துங்கள்.

விஎஸ் கோடில் இந்தக் குழப்பம் குறைவு. கீழே வலது மூலையில் என்கோடிங் பெயரைச் சொடுக்கினால் 'ரீஓபன் வித் என்கோடிங்', 'சேவ் வித் என்கோடிங்' என்று தனித்தனியாகக் கேட்கும். முதலாவதுதான் உங்களுக்கு வேண்டியது. புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் விஎஸ் கோடையே சொல்வேன்.

சரி, கிறுக்கலாகவே யாரோ சேவ் செய்து அனுப்பிவிட்டார்கள், என்ன செய்வது? நோட்பேட் பிளஸ் பிளஸில் கீழே உள்ள 'கன்வர்ட் டு ஆன்சி'யை அழுத்தி, அடுத்து மேலே உள்ள யூடிஎஃப்-8 ஐ அழுத்துங்கள். பல கோப்புகள் மீண்டுவிடும். சிலவற்றில் 'நண்டு' என்ற சொல்லில் ந, ண, ட மட்டும் பிழைத்து, நடுவிலும் கடைசியிலும் கேள்விக்குறியோ கறுப்புக் கட்டமோ நிற்கும். காரணம் இதுதான்: புள்ளிக்கும் உகரக் குறிக்கும் உரிய மூன்றாவது பைட்டுக்கு 1252 பட்டியலில் எழுத்தே கிடையாது. வழியில் ஏதாவது ஒரு மென்பொருள் அதைக் குப்பை என்று தள்ளியிருக்கும். தமிழில் இவை இரண்டும் இல்லாத வரி ஏது? கையால்தான் திருத்த வேண்டும்.

படி 4: கண்ணுக்குத் தெரியும், தேடினால் கிடைக்காது

மீன் பட்டியலில் 'கொடுவா' இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது. 'கொ' என்பதை க, ொ என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம், க, ெ, ா என்று மூன்றாகவும் வைக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் பல எடிட்டர்களின் தேடலுக்கு வேறு வேறு. பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் அதன் யூனிகோட்டேட்டா தொகுப்பில் உள்ள நார்மலைஸ் கட்டளைக்கு என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) என்று கொடுத்துக் கோப்பு முழுவதையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

பின்சேர்க்கை: தொண்டியிலிருந்து ஒருவர் கேட்டது. எடிட்டரில் சரியாகத் தெரிகிற சிஎஸ்வி கோப்பு (கமாவால் பிரித்த பட்டியல்) எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் உடைகிறதாம். நோட்பேட் பிளஸ் பிளஸில் 'கன்வர்ட் டு யூடிஎஃப்-8-பிஓஎம்' கொடுத்து சேவ் செய்துவிட்டுத் திறக்கட்டும். பிஓஎம் என்பது கோப்பின் தொடக்கத்தில் 'இது யூடிஎஃப்-8' என்று எக்செலுக்குச் சொல்லும் அடையாளம்.

இன்னொன்று: என்எஃப்சி கொடுத்த பிறகும் 'ஸ்ரீ' என்று தொடங்கும் படகுப் பெயர்கள் சில தேடலில் சிக்கவில்லை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சிலர் அதை ஸ வைத்து அடிக்கிறார்கள், சிலருடைய விசைப்பலகை 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்து அடிக்கிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதை என்எஃப்சி தொடாது. ஶ வைத்ததைத் தேடி எல்லாவற்றையும் ஸ வைத்ததாக ரீப்ளேஸ் செய்துவிடுங்கள்.