2,41,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்

எங்கள் வீட்டில் இருப்பது 2011 மாடல் மஹிந்திரா ஸ்கார்பியோ, 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் இன்ஜின். 2021இல் வாங்கும்போது மீட்டர் 1,68,000 காட்டியது, இப்போது 2,41,000. சத்தியமங்கலத்தில் பிள்ளைகள் இருவரையும் பள்ளியில் இறக்கிவிட்டு, பவானிசாகர் பக்கம் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்குத் தினமும் போய் வருவது இதில்தான். மாதம் ஒரு முறை திம்பம் மலையேறித் தாளவாடியில் அம்மா வீட்டுக்கும் இதில்தான். வேறு கார் கிடையாது.

"இவ்வளவு ஓடின வண்டியை நம்பி எப்படி டீச்சர் குழந்தைகளோட மலை ஏறுறீங்க?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். வாங்கிய முதல் மாதம் 62,000 ரூபாயும், அதன் பிறகு ஞாயிறுதோறும் கால் மணி நேரமும் கொடுத்துச் சம்பாதித்த நம்பிக்கை இது. நீங்களும் இப்படி ஒரு வண்டி எடுக்க நினைத்தால், நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எந்த வேரியன்ட் என்று பாருங்கள். நம் நாட்டில் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது அதே ஆண்டு ஜூலையில். அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் மேல் வேரியன்ட்களில் மட்டும்தான் இவை இருக்கும். நாங்கள் நாற்பதாயிரம் கூடக் கொடுத்து, மூன்று மாதம் காத்திருந்து, ஏர்பேக் உள்ள விஎல்எக்ஸ் என்ற மேல் வேரியன்ட்டை எடுத்தோம். மற்ற பலவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், ஏர்பேக்கைப் பிறகு பொருத்த முடியாது. கடைசி வரிசையில் எதிரெதிராக இருக்கும் பெஞ்ச் சீட்டில் பெல்ட் இல்லை, அங்கே நான் பிள்ளைகளை உட்காரவிடுவதே இல்லை. அது பைகளுக்கான இடம். பெரியவன் இதற்காக ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தான். பரவாயில்லை.

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது, என்ன புகை விடுகிறது என்பதில்தான் பாதி உண்மை இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது. மீட்டரை நம்ப வேண்டாம், அதைக் குறைப்பது சுலபம். கிளட்ச் பெடல் ரப்பரையும் ஸ்டியரிங்கின் தேய்மானத்தையும் பாருங்கள். எண்பதாயிரம் காட்டும் வண்டியில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு இடிக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவிப் பளபளவென்று நிறுத்தியிருப்பார்கள், ஆனால் உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டின் அடியில் சேற்றுக் கறை தங்கியிருக்கும். ஆர்.சி., வண்டி மேல் கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் அரசின் எம்பரிவாகன் செயலியிலேயே தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகு முதல் மாதம் எங்கேயும் தூரப் பயணம் போகாதீர்கள். பழைய ஓனர் "இப்பத்தாங்க மாத்துனேன்" என்று சொன்ன எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பியுங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில் (பின் ஆக்சிலில் இருப்பது), மூன்று ஃபில்டர், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். என் நோட்டு டேஷ்போர்டில்தான் கிடக்கிறது. இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்க என் வண்டியில் இருப்பது டைமிங் செயின். பழைய இனோவா 2.5 டீசல், டஸ்டர் 1.5 டீசல் போன்றவற்றில் அதற்குப் பதில் ரப்பர் டைமிங் பெல்ட். அதை மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அது அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜின் வேலை வந்து நிற்கும்.

ஒன்றை மட்டும் நான் அந்த மாதம் விட்டுவிட்டேன். ரேடியேட்டரின் மேல்பக்க ஹோஸ், அதாவது கூலன்ட் ஓடும் ரப்பர் குழாய். பழைய ஓனர் போட்டிருந்த மலிவான மாற்று ஹோஸ் அது. பார்க்கக் கறுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. ஓர் ஏப்ரலில், பண்ணாரியைத் தாண்டித் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியிருப்போம். பானட் ஓரத்தில் வெள்ளையாக ஆவி கிளம்பியது. பின்னால் மாமியாரும் பிள்ளைகளும். யானை நடமாடும் காடு, யாரையும் கீழே இறக்கிவிடவும் முடியாது. கொஞ்சம் அகலமான இடம் வரும் வரை உருட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். சின்னவள் என் கையை விடவே இல்லை.

அன்று கற்றதைச் சொல்கிறேன். சூடு முள் வழக்கமான இடத்திலிருந்து ஏற ஆரம்பித்ததுமே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அதன் வழியாக வெளியேறும். ஆவி கிளம்பிவிட்டால் ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டியதுதான். கூலன்ட் முழுக்கக் கொட்டிவிட்டால் முள் கீழே இறங்கிக்கூடக் காட்டும், சென்சாரைத் தொட்டுக்கொண்டிருக்கத் தண்ணீர் இல்லை என்பதால். அதைப் பார்த்து "ஆறிவிட்டது" என்று மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது, பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், தண்ணீரை ஊற்றினால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடலாம்.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் அந்த ஹோஸை என் கையில் கொடுத்து, "அமுக்கிப் பாருங்க டீச்சர்" என்றார். நடுவில் ரப்பர் போல இருந்தது. கிளாம்ப் பிடிக்கும் முனையில் அமுக்கினால் பழைய பிஸ்கட் மாதிரி நறநறவென்றது. உள்ளே நூல் தெரிந்தது. இப்போதெல்லாம் இன்ஜின் ஆறியிருக்கும்போது எல்லா ஹோஸையும் முனையில்தான் அமுக்கிப் பார்க்கிறேன். கெட்டியாகவோ வழுக்கும்படி ஊதியோ இருந்தால் வெடிக்கும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுகிறேன்.

மலை இறங்கும்போது பிரேக்தான் உயிர். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். ஏழு பேரோடு இந்த எடையை நான்காவது கியரில் பிரேக்காலேயே பிடித்து இறங்கினால், அடிவாரம் வருவதற்குள் கருகிய வாடை வரும், பெடல் பஞ்சு போல உள்ளே போகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்தால் பெடலில் பிடிப்பே இருக்காது. அதனால் எவ்வளவு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன். ஏறி முடித்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ ஆறட்டும்.

டயரில் பட்டன் (சாலையில் படும் கட்டைகள்) எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடத்தைத் தாண்டிய டயரில் நான் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன். எங்களுக்கு வந்த வண்டியில் ஸ்டெப்னிக்கு வயது பத்து! அது வண்டிக்கு அடியில் செயினில் தொங்குகிறது, இறக்கும் கொக்கி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நடுரோட்டில் பஞ்சராகியிருந்தால் ஸ்டெப்னி இருந்தும் எடுத்திருக்க முடியாது. வீட்டு வாசலிலேயே ஒரு முறை இறக்கி, கிரீஸ் வைத்து, ஏற்றிப் பழகிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஆயில் அளவு, கூலன்ட் அளவு, பிரேக் ஆயில், நான்கு டயரிலும் காற்று, நிறுத்திய இடத்தில் தரையில் சொட்டு. அவ்வளவுதான், கால் மணி நேரம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைப் பெரியவன் துடைத்துக் கொடுப்பான். கூலன்ட் காரணமில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பழைய வண்டியில் எதையாவது ஒன்றைத் தள்ளிப்போட்டுத்தான் ஆக வேண்டும். கதவு கிறீச்சிடுவது, பவர் விண்டோ மெதுவாக ஏறுவது, பெயின்ட் மங்கியது எல்லாம் காத்திருக்கும். பிரேக், ஸ்டியரிங், டயர், கூலிங் இந்த நான்கும் சம்பளம் வரும் வரை காத்திருக்காது. இதற்காக மாதம் 4,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போடுகிறோம். கிளட்ச் செட் போட்டது அந்தப் பணத்தில்தான், கடன் வாங்கவில்லை.

எங்கள் ஆர்.சி. காலம் 2026 மார்ச்சில் 15 வருடம் முடிகிறது. புதுப்பித்தால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சோதனை) பார்த்து ஐந்து வருடம் தருவார்கள். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணத்தைக் காருக்கு 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள், பசுமை வரி தனி. புதுப்பிப்பதற்கான படிவம் 25ஐ, காலம் முடிய 60 நாள் இருக்கும்போதிலிருந்து கொடுக்கலாம். அதற்கு முன் பொங்கல் விடுமுறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டம்) நீளவாக்கில் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கணீரென்று கேட்டால் புதுப்பிப்போம். எங்கேயாவது துரு உதிர்ந்து பொத்தென்று கேட்டால், இந்த வண்டியை எவ்வளவு பிடித்திருந்தாலும், அன்றோடு கொடுத்துவிடுவோம்.