முன் பிரேக்கில் கீச்சொலியா? உள்பக்கப் பேடைப் பாருங்கள்

இரண்டு மாதமாக என் கார் பிரேக் போடும்போதெல்லாம் கத்தியது. ஈரடுக்கு மேம்பாலத்தில் இறங்கினால் பக்கச்சுவர் அந்தச் சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்கும். பட்டறையில் காட்டினேன். சக்கர இடைவெளி வழியே பேடை, அதாவது பிரேக் போட்டால் அழுந்தித் தேயும் கட்டையை, எட்டிப் பார்த்து, "பேடு நிறைய இருக்கிறது சார், தூசிதான்" என்று தண்ணீர் பீய்ச்சி அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் அமைதி. மறுபடியும் அதே சத்தம். பிறகு நானே கழற்றினேன். அன்று கண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏதாவது ஒரு மதிலை ஒட்டி மெதுவாக ஓட்டினால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மழைக்கு மறுநாள் காலையில் முதல் நான்கைந்து முறை மட்டும் கேட்டால் கவலை வேண்டாம். பேடு அழுத்திப் பிடிக்கும், சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு உரசிப் போகிறது. நாள் முழுவதும் கீச்சொலி கேட்டால் கழற்ற வேண்டும். கரகரவென்று இரும்பு அரைபடும் ஓசை வந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வீல் நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்குங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டு கொடுத்தே ஆக வேண்டும். செங்கல் அடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாரத்தில் செங்கல் நொறுங்கும், தயவுசெய்து வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றியதும் கண்ணில் படுவது வெளிப்பக்கப் பேடு. என்னுடையது ஏழு மில்லிமீட்டர் இருந்தது. புதியது சுமார் பத்து என்றால் ஏழு நல்ல நிலைதான். பட்டறைக்காரரும் இதைப் பார்த்துத்தான் சொன்னார், நானும் இதை நம்பித்தான் இரண்டு மாதம் ஓட்டினேன். பேடுகளைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கிய பிறகுதான் உள்பக்கப் பேடு தெரிந்தது: இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் ஓரத்தில் இருக்கும் சிறிய எஃகு நாக்கு, டிஸ்க்கின் உள்முகத்தில் நகத்தால் கீறியதுபோல் பளபளப்பான ஒரு வட்டக்கோடு போட்டிருந்தது. பேடு தேய்ந்துவிட்டது என்று கத்திச் சொல்வதற்காகவே வைத்த நாக்கு அது.

உள்பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது? பெரும்பாலான சிறிய கார்களின் முன் பிரேக்கில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள்பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் இரண்டு பின்களின் (வழுக்குக் கம்பிகளின்) மேல் வழுக்கி வந்து வெளிப்பேடை இழுக்கும். அந்தப் பின் இறுகிவிட்டால் உள்பேடு மட்டும் உழைக்கும், டிஸ்க்கை விட்டு விலகவும் செய்யாது. என் வண்டியில் கீழ்ப்பின்னைக் குறடால் திருகித்தான் இழுக்க முடிந்தது. பழைய கிரீஸ் காய்ந்த கருப்பட்டிப் பாகுபோல ஒட்டியிருந்தது. புதுப்பேடு மட்டும் மாட்டியிருந்தால் அதுவும் இப்படித்தான் தேய்ந்திருக்கும்.

பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் கூடவே கூடாது. ரப்பர் உறையை உப்ப வைத்து மறுபடியும் பின்னை இறுக்கிவிடும். சில வண்டிகளில் மேல்பின்னும் கீழ்பின்னும் வேறுவேறு, இடம் மாற்றாதீர்கள். விரலால் தள்ளினால் பின் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

பேடை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்ப மாட்டுவது எனக்குப் பிடிக்காது. செங்கோட்டை மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்துக் கண்ணாடிபோல் மினுங்கும் பேடுக்கு அது கொஞ்ச நாள் உதவும். தேய்ந்த பேடுக்கு உதவாது. மாற்றினால் முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

பிஸ்டனைப் பின்தள்ள, பழைய பேடை அதன்மேல் வைத்து சி கிளாம்பால் மெதுவாக இறுக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ரப்பர் கிழியும். பிஸ்டன் பின்னே போகும்போது பிரேக் ஆயில் டப்பாவில் அளவு ஏறும், வழிந்தால் பெயிண்டை அரித்துவிடும். காலிப்பரை ஒருபோதும் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஒரு கம்பியால் கட்டி வையுங்கள். பேடின் முகத்தில் கிரீஸ் படவே கூடாது.

எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதியில் பெடல் அடிவரை போகும். அந்த நிலையில் வண்டியை எடுத்தால் நிற்காது. பிறகு ஆளில்லாத சாலையில் ஐம்பதிலிருந்து பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு, இடைவெளி விட்டுப் பத்து முறை நிதானமாகக் குறையுங்கள். புதுப்பேடு டிஸ்க்கோடு பழகும்வரை சிறு சத்தம் இருக்கலாம்.

பின்சேர்க்கை: திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் போய்வந்த ஒருவர், பிரேக் போடாமலேயே கீச்சொலி கேட்பதாக எழுதியிருந்தார். டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் இடையில் ஒரு பொடிக்கல் சிக்கியிருந்திருக்கிறது. வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டினால் சில சமயம் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றித் தகட்டை விரலால் லேசாக வளைத்து எடுங்கள். உவரிபோலக் கடலோரத்தில் வண்டி நிற்பவர்கள் உப்புக்காற்றுக்காக ஆண்டுக்கு இருமுறையாவது பின்களைப் பாருங்கள்.

இன்னொருவர் தூசியை வாயால் ஊதியதாகச் சொன்னார். செய்யாதீர்கள். பழைய பேடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.