தலைமன்னாருக்கு உண்டு, தனுஷ்கோடிக்கு இல்லை: அணு ஆயுத உறுதிமொழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் குரூப் 1, யு.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது, 'உங்கள்மீது அணு ஆயுதத்தைப் பயன்படுத்தமாட்டோம் என்று அணு ஆயுதமுள்ள நாடுகள் மற்ற எல்லோருக்கும் உறுதி கொடுத்திருக்கின்றன' என்ற வரியை.

எல்லோருக்கும் இல்லை. 1995 ஏப்ரலில் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் வாக்குக் கொடுத்தது, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் அணு ஆயுதமில்லாத நாடாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும். இலங்கை சேர்ந்தது; இந்தியா சேரவில்லை. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். தலைமன்னார் அந்த வாக்குக்குள் வருகிறது, தனுஷ்கோடி வராது.

விதிவிலக்கையும் எழுதுங்கள். அணு ஆயுத நாடு ஒன்றோடு கைகோத்துத் தாக்கும் நாட்டுக்கு இந்த வாக்கு பொருந்தாது என்று நான்குமே சொல்லியிருந்தன. அதையே அமெரிக்காவின் இன்றைய நிலையாக எழுதினால் அது இன்னொரு தவறு. பரவல் தடைக் கடமைகளை ஒழுங்காக நிறைவேற்றும் உறுப்பு நாடுகளுக்கே என்று 2010இல் அது மாற்றிக்கொண்டது. சீனாவின் வாக்குக்கு நிபந்தனை கிடையாது. அணு ஆயுதத்தை 'முதலில் பயன்படுத்தமாட்டோம்' என்று 1964இலேயே அறிவித்த நாடு அது.

பலர் சறுக்குவது ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானம் 984இல். அது அந்த அறிக்கைகளைக் கவனத்தில் கொண்டது, அவ்வளவே, ஒப்பந்தமாக்கவில்லை. 1974இன் கச்சத்தீவு உடன்பாடு போல இரு அரசுகள் கையெழுத்திட்ட தாள் அல்ல இது. ஒவ்வொரு அரசும் தனித்தனியே வெளியிட்ட அறிக்கை. அணு ஆயுதத்தால் தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவி என்று அந்தத் தீர்மானம் சொல்வதும் பாதுகாப்பு அவை வழியாகத்தான், அங்கே வீட்டோ (தடுக்கும் அதிகாரம்) வைத்திருப்பதும் சீனாவோடு சேர்த்து அதே ஐந்து நாடுகள். சட்டப்படி கட்டுப்படுத்தும் வாக்கு வேண்டுமானால் அணு ஆயுதமற்ற மண்டல ஒப்பந்தங்களின் நெறிமுறைகளை (ஒப்பந்தத்தோடு இணைந்த தனி உடன்படிக்கைகளை) பார்க்க வேண்டும். லத்தீன் அமெரிக்காவுக்கான த்லாதெலோல்கோ ஒப்பந்தத்தின் இரண்டாம் நெறிமுறையை ஐந்து நாடுகளும் ஏற்றிருக்கின்றன. தெற்காசியாவுக்கு அப்படியொரு மண்டலமே இல்லை. இலங்கை முன்னெடுத்து, இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவித்த 1971இன் தீர்மானம் 2832ஐச் சிலர் இதற்குள் நுழைப்பார்கள். அது பொதுச்சபையின் அறிவிப்பு, யாரையும் கட்டாது.

இந்தியா 2003 ஜனவரியில் 'அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்தமாட்டோம்' என்றது. ஆனால் உயிரி, வேதி ஆயுதத்தால் பெரிய தாக்குதல் வந்தால் அணு ஆயுதத்தால் பதிலடி தரும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டது. இந்த 'ஆனால்' விட்டுப்போனால் அரை விடைதான்.

ஜனவரி 1 தோறும் இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்ளும் செய்தி வரும். அதற்கு அடிப்படையான 1988 உடன்பாடு, அணு உலைகள் போன்ற நிலையங்களைத் தாக்கக்கூடாது என்கிறது. அணு ஆயுதத்தைப் பயன்படுத்தமாட்டோம் என்ற வாக்கு அதில் கிடையாது.