பஞ்சிகாவத்தைக்கு ஓர் இடுக்கிமானியோடு

கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில், பழைய சக்கரம் பொருந்துமா என்று கேட்டால் வரும் "போகும் மிஸ்" என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: சக்கரம் கடையை விட்டுப் போகும். அது உங்கள் காரில் ஏறுமா என்பது வேறு கேள்வி.

நான் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் வகுப்பு எடுப்பவள். அப்பா விட்டுச்சென்ற 1993ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, ஏ.ஈ. 100 மாதிரி, இன்னும் என்னிடம் ஓடுகிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் மறுபடி திறந்தார்கள். புதிய விலைகளைக் கேட்டதும் அப்பாவின் காரையே துடைத்து வைத்துக்கொண்டேன். அதன் 13 அங்குல இரும்புச் சக்கரங்கள் துருவேறிவிட்டதால் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த 14 அங்குல அலோய் (அலுமினியக் கலவை) சக்கரங்களைத் தேடினேன். முதல் முறை வாங்கியவை என் வீட்டு மாடிப்படியின் கீழ் ஒரு வருடம் கிடந்தன. சக்கரத்தில் நான்கு துளைதானே, அதில் நுழையும் மரையாணி, அதாவது ஸ்டட், காரில் நான்குதானே என்று எண்ணி வாங்கியதன் விளைவு.

ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் காரை அளந்துகொள்ளுங்கள். தரை சமமான இடத்தில் கைபிரேக்கை இழுத்து, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைத்து, நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்திவிட்டு ஜாக்கியை ஏற்றுங்கள். சக்கரத்தைக் கழற்றினால் வட்டத்தில் நிற்கும் ஸ்டட்கள் தெரியும். அந்த வட்டத்தின் விட்டத்தைத்தான் கடையில் பி.சி.டி. என்பார்கள். என் கொரோலாவுக்கு 100 மில்லிமீற்றர். பழைய ஜப்பானியக் கார்களில் இன்னொரு அளவும் நிறைய உண்டு: 114.3. இரண்டுக்கும் துளை நான்கே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

எதிரெதிர் ஸ்டட்களை அளக்க நடுவில் ஹப் மேடு, அதாவது சக்கரத்தின் நடுத்துளைக்குள் நுழையும் வட்ட மேடு, இடிக்கும். அடுத்தடுத்த இரண்டை அளந்தால் போதும். இரண்டின் வெளி விளிம்புகளுக்கு இடையிலான தூரத்திலிருந்து ஒரு ஸ்டட்டின் தடிப்பைக் கழியுங்கள். 100க்கு அது 70.7 வரும், 114.3க்கு 80.8. பத்து மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பள்ளிக்கூட அடிமட்டமே காட்டிவிடும். ஆனால் பழைய பியட் சக்கரங்களின் 98ஐப் பிடிக்க, நுண்ணளவு காட்டும் வேணியர் இடுக்கிமானி வேண்டும். அங்கே வித்தியாசம் 1.4 மட்டும்தான். ஐந்து ஸ்டட் கார் என்றால் அடுத்தடுத்த தூரத்தை 1.701ஆல் பெருக்குங்கள்.

அடுத்து ஹப் மேட்டின் விட்டம். துருவைச் சுரண்டிவிட்டு அளங்கள். கொரோலாவில் 54.1, அக்காலத்து ஹொண்டாக்களில் 56.1. ஹொண்டா சக்கரம் என் காரில் தளர்வாக ஏறும், அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட்டால் சரி. வளையமின்றி ஓட்டினால் சக்கரம் நடுவில் உட்காராமல், வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். டொயோட்டா சக்கரமோ ஹொண்டாவில் ஏறவே ஏறாது. துளையை லேத்தில் பெரிதாக்கித் தருவதாகச் சொல்வோர் உண்டு. அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள்.

இனி ஒஃப்செட். சக்கரத்தின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று கற்பனை செய்யுங்கள். ஹப்பில் ஒட்டும் முகம் அதிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் வெளியே இருக்கிறது என்பதே அந்த எண். 5½ அங்குல அகலமும் 45 ஒஃப்செட்டும் உள்ளதைக் கழற்றி, 6 அங்குலமும் 38உம் உள்ளதைப் போட்டால் என்ன ஆகும்? அரை அங்குலத்தில் பாதி 6.35. வெளிப்பக்கம் 6.35உம் 7உம் சேர்ந்து 13 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் தள்ளி நிற்கும். உட்பக்கம் ஏறக்குறைய அசையாது. எனவே மட்கார்ட் விளிம்பில் அந்த 13 இருக்கிறதா என்று இப்போதே தூக்குநூல் கட்டிப் பார்த்துவிடலாம். உள்ளே டயருக்கும் ஷொக் அப்சோபருக்கும் இடையில் என் சுண்டுவிரல் நுழைய வேண்டும் என்பது என் கணக்கு.

கடையில் சக்கரத்தைக் கவிழ்த்து முதுகைப் பாருங்கள். 14 × 5½ ஜே.ஜே. என்பதில் எண்கள் விட்டமும் அகலமும், ஜே.ஜே. விளிம்பின் வடிவக் குறி. அருகில் தனியாக 45, 38 என்று நின்றால் அது ஒஃப்செட். ஜே.டபிள்யூ.எல். என்று வார்த்திருந்தால் ஜப்பானின் அலோய் சக்கரத் தரக்குறி. எண்ணே இல்லையென்றால் நேரான மட்டப் பலகையைப் பின்விளிம்பின் குறுக்கே வைத்து, அதிலிருந்து ஒட்டும் முகம் வரை அளந்து, உங்கள் பழைய சக்கரத்தின் அதே அளவோடு ஒப்பிடுங்கள். உள் விளிம்பில் நெளிவு, ஆரங்களின் அடியில் மயிரிழை வெடிப்பு, ஓரிடத்தில் மட்டும் புதிய பெயின்ட், மூன்றும் விலையைக் குறைக்கும் காரணங்கள் அல்ல, வேண்டாம் என்பதற்கான காரணங்கள்.

நான் அதிகம் பேச விரும்புவது நட்டுகளைப் பற்றி. இரண்டாம் முறை எல்லா அளவும் சரியாக இருந்தது. டொயோட்டாவின் சொந்த அலோய், 4 × 100. நட்டு இல்லாமல் விற்றார்கள். ஒரு கராஜில் என் பழைய இரும்புச் சக்கர நட்டுகளையே போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலி வீதியில் தெஹிவளைப் பாலம் தாண்டும்போது முன் இடப்பக்கத்திலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இரண்டு நட்டுகளைக் கையாலேயே திருக முடிந்தது.

இரும்புச் சக்கர நட்டின் முகம் கூம்பு. அக்காலத்து டொயோட்டா அலோய் பலவற்றின் துளை நேர்க்குழாய், மேலே தட்டை முகம். அதற்கு வாஷரும் கழுத்தும் உள்ள நட்டுதான் உரியது. கூம்பைப் போட்டால் அது துளையின் ஓரத்தை ஒரு கோட்டில் மட்டுமே தொடும். அலுமினியம் அந்தக் கோட்டில் நசுங்க நசுங்க இறுக்கம் போய்விடும். ஹொண்டா அலோய்களில் நட்டு உட்காரும் இடம் கோள வடிவம், அதற்கும் கூம்பு ஆகாது. சந்தேகம் வந்தால் வகுப்பில் எழுதும் மார்க்கரை நட்டின் முகத்தில் பூசி, கையால் இறுக்கி, கழற்றிப் பாருங்கள். மை அகலமான பட்டையாகத் துளையில் பதிந்தால் ஜோடி சரி. மெல்லிய வளையக் கோடாகப் பதிந்தால் வாங்காதீர்கள்.

மரையும் பாருங்கள். டொயோட்டா, ஹொண்டாவில் 12 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்கு மரை இடைவெளி 1.5. நிசானில் 1.25. பத்து மரை 15 மில்லிமீற்றரா 12.5ஆ என்று அளந்தால் தெரியும். 1.5 மரையில் நட்டு கையாலேயே குறைந்தது எட்டுச் சுற்று ஏற வேண்டும். எட்டுச் சுற்று என்றால் 12 மில்லிமீற்றர், ஸ்டட்டின் தடிப்பளவு பிடிப்பு.

டயரின் மொத்த உயரம் மாறினால் வேகமானியும் பொய் சொல்லும். என் 175/70 ஆர் 13 டயரின் விட்டம் 575 மில்லிமீற்றர். 185/60 ஆர் 14 என்றால் 578. அதையே எடுத்தேன். 185/65 என்றால் 596 ஆகி, மட்கார்டைத் தேடிப் போகும். சக்கரத்தோடு வரும் டயருக்கு மயங்காதீர்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது.

அந்த இரண்டாம் ஜோடியையும் விட்டுவிட்டு, மூன்றாம் முறை கடைக்கார நானாவிடம், "முன்பணம் தருகிறேன், ஒன்றை மட்டும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கிறேன்" என்றேன். என் கையிலிருந்த இடுக்கிமானியைப் பார்த்துச் சிரித்தார், மறுக்கவில்லை. அந்த ஒன்றை முன்பக்கம் பூட்டி, பிரேக் கலிப்பர் உரசுகிறதா என்று கையால் சுழற்றினேன். ஒரு செங்கல்லில் பென்சிலைக் கட்டி விளிம்புக்கு அருகே நிறுத்தினேன். சுழலும்போது பென்சிலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி விரிந்து சுருங்கினால் சக்கரம் நெளிந்தது. பிறகு காரை இறக்கி ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினேன். நான்கையும் வாங்கியது அதன் பிறகுதான்.

நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன். அது கொரோலாவுக்கான அளவு, உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். பின் ஆசனத்தில் மூன்று மாணவர்களை ஏற்றி எங்கள் ஒழுங்கையின் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினேன். உரசல் சத்தம் இல்லை. 50 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்த்தேன். ஒரு நட்டு மட்டும் கால் சுற்று நகர்ந்தது.